ஹிந்த் மோட்டாரும் ஒரு கான்டெஸாவும்

ஊரின் பெயரால் ரயில் நிலையங்கள் அமைவது வழக்கம். ஆற்றின் பெயராலும், கோயிலின் பெயராலும், தலைவர்களின் பெயராலும் நிலையங்கள் உண்டு. மோட்டார்க் கம்பெனி ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையத்தைக் காண விரும்பும் அன்பர்கள் ஹௌராவில் பர்த்வான் மெயின் லைன் லோக்கல் வண்டியில் ஏறவேண்டும். லிலுவா, பேலூர், பாலி, உத்தரபாரா ஆகிய நான்கு நிலையங்களைக் கடந்தால் ஐந்தாவதாக வருவது 'ஹிந்த் மோட்டார்'. பயணம் அரை மணிக்குள் முடிந்துவிடும். கல்கத்தாவில் இருபது ஆண்டுகள் உத்தியோகம் பார்த்த தமிழன்பர்களுள்ளும் அங்கே இறங்கிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

பாதையில் காணத்தக்கவை பல. பேலூர் மடம் பேலூர் நிலையத்திலிருந்து அதிக தூரம் அன்று. உத்தரபாராவில் 1859-ம் ஆண்டு தொடங்கிய ஜயகிருஷ்ண நூலகம் உள்ளது. அலிப்பூர் வழக்கிலிருந்து விடுதலை பெற்ற ஸ்ரீ அரவிந்தர் 1909-ம் ஆண்டு மே 30-ந் தேதி இவ்வூரில்தான் புகழ்பெற்ற சொற்பொழிவை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். உத்தரபாராவைத் தாண்டியதும், இருப்புப் பாதைக்கு அருகே நீண்ட மதில்களும், அவற்றுக்கு அப்பால் பெரிய பெரிய கொட்டகைகளும் புலப்படுகின்றன. அதுவே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை.

தொழிற்சாலையின் வரலாறு

பிர்லா குடும்பத்தினர் 1942-ம் ஆண்டில் இக்கம்பெனியைத் தொடங்கினர். முதலில் குஜராத்திலுள்ள ஓகா துறைமுகத்தில் வண்டிகளைப் பூட்டி வந்தனர். 1948-ல் உத்தரபாராவுக்கு இடம் மாற்றினர். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அச்சில் வார்த்த அம்பாசடர் 1957-58 வாக்கில் இங்கே பிறந்தது. ரயில்வேயில் இருக்கும் நமக்கு இன்னொரு செய்தியும் நினைவுக்கு வரவேண்டும். 1957 டிசம்பரில்தான் ஹௌராவிலிருந்து ஷேவ்டாபுலி வரை இப்பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. அம்பாசடரும் மின்சார லோக்கலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இவ்வட்டாரத்துக்கு வந்தன எனலாம். தமிழ்நாட்டிலும் இக்கம்பெனி திருவள்ளூரில் ஒரு தொழிற்சாலை நிறுவி, 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களைக் கட்டியது.

உத்தரபாராத் தொழிற்சாலை 2014-ம் ஆண்டு மே 24-ந் தேதி வேலை நிறுத்திவைப்பு அறிவித்தது. அத்துடன் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தனர். அம்பாசடர் என்ற பெயர் மாத்திரம் 2017-ல் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ கம்பெனிக்கு விற்கப்பட்டது. பெயர் விலைபோயிற்று, அதை உண்டாக்கிய கைகள் கோன்னகரிலும் உத்தரபாராவிலும் வீட்டிலேயே இருந்துவிட்டன. அக்கைகளைத் தேடியே நாங்கள் அங்குச் செல்ல நேர்ந்தது.

மாமாவின் வண்டி

எங்கள் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் உள்ளார். சணல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் அனைவரும் 'மாமா' என்றே அழைப்போம். 1990-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் ஒரு கான்டெஸா காரை வாங்கினார். அது உத்தரபாராவில் செய்த வண்டி.

கான்டெஸாவைப் பற்றி இளைய தலைமுறைக்குச் சில வார்த்தைகள் கூறவேண்டும். இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் என்னும் வண்டியின் உடலமைப்பைக் கொண்டு 1984-ல் இதைத் தொடங்கினர். நீண்ட முன்புறம், அகன்ற இருக்கைகள், பின் சக்கர இயக்கம். ஆனால் உள்ளே பூட்டியதோ அம்பாசடர் பரம்பரையைச் சேர்ந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின்; ஏறத்தாழ 50 குதிரைசக்திதான். பெரிய உடலைச் சிறிய எஞ்சின் இழுக்கத் திணறியது. அதே காலத்தில் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு 2000 காருக்கும் இதே குறை இருந்தது. புது உடலுக்குள் பழைய எஞ்சின். கான்டெஸாவின் குறையைக் கம்பெனியே நீக்கிற்று. ஜப்பானிய இசுஸு கம்பெனியின் 1817 கன சென்டிமீட்டர் எஞ்சினையும், ஐந்து கியர் பெட்டியையும் பூட்டியது. சக்தி ஏறத்தாழ 88 குதிரையாக உயர்ந்தது. அன்றைய இந்தியச் சாலையில் அது வேக வண்டி. அம்பாசடரை மேம்பாலத்தில் தாண்டிச் செல்லும்போது மாமா கொம்பு ஊதமாட்டார். ஊதவேண்டிய அவசியம் இருப்பதில்லை. 2002-ல் கான்டெஸா உற்பத்தி நின்றுவிட்டது.

இந்த வண்டி மாமாவுக்கு மாத்திரம் சொந்தமானதாக இருந்ததில்லை. நடு இரவில் பிரசவ வேதனை கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றது இதுவே. எங்களுள் இருவர் பிறந்த பத்தாம் நாள் வீட்டுக்கு வந்ததும் இதில்தான். ஹௌரா நிலையத்தில் பிளாட்பாரங்களுக்கு நடுவே கார்கள் செல்லும் பாதை ஒன்று உண்டல்லவா? மதராஸ் மெயிலில் வரும் முதியவர்களை அப்பாதையில் நின்று ஏற்றி, கொடுக்காப்புளியும் வடகமும் நிறைந்த மூட்டைகளையும் பின் பெட்டியில் அடைத்து, லேக் மார்க்கெட் பக்கம் எத்தனையோ முறை கொண்டு வந்து சேர்த்தது.

தனியார் காருக்கு முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்த் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவை நீட்டிக்கலாம். இவ்வண்டியின் பதிவு 2025 மார்ச்சில் முடியவிருந்தது. 2024 அக்டோபர் மழையின்போது ஓட்டுநர் காலடியில் தண்ணீர் ஊறியது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் கீழே தார்ச்சாலை தெரிந்தது. பெங்களூரில் உள்ள மாமாவின் மகன், "அப்பா, வண்டியை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள்" என்று எழுதினார். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து பார்த்து 30,000 ரூபாய் விலை கூறினார்.

அன்று மாலை நாங்கள் நால்வர் மாமாவிடம் சென்றோம். குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கு ஒதுக்குவதாகக் கூறினோம். மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தேறினால் ஓடட்டும், தேறாவிட்டால் இரும்புக் கடைக்குப் போகட்டும். ஆனால் அழுகிய இடத்தில் பட்டியைப் பூசி, சாயம் அடித்து, அதை என்னிடம் காட்டாதீர்கள். எண்பத்து மூன்று வயதில் எனக்கு அந்த ஏமாற்று வேண்டாம்."

இந்நிபந்தனையே எங்கள் வேலைக்கு வழிகாட்டியாக அமைந்தது.

குளிர்காலத்தைத் தேர்ந்த காரணம்

கல்கத்தாவில் பழைய காரைப் புதுப்பிக்க நினைப்போர் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடித்தல் நன்று. ஜூனிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை காற்றில் நீர் நிறைந்திருக்கும். சுரண்டி வெளுத்த இரும்புத் தகட்டை மாலையில் விட்டுச் சென்றால் காலைக்குள் செம்பழுப்புத் துரு படர்ந்திருக்கும். சாயம் தெளிக்கும்போது தின்னர் ஆவியாகித் தகட்டைக் குளிரச் செய்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் அக்குளிர்ந்த சாயத்தின்மேல் படிந்து, பால் சிந்தியதுபோல் வெளுப்புத் தட்டுகிறது. குளிர்காலத்தின் உலர்ந்த நண்பகலில் இத்தொல்லை குறைவு. காலை மூடுபனி விலகி வெயில் ஏறிய பின்னரே சாய வேலை தொடங்கவேண்டும் என்பது இங்குள்ள பட்டறைகளின் விதி.

ஊரில் நாம் 'டிங்கரிங்' என்று சொல்லும் வேலையை இங்கே 'டென்டிங்' என்கிறார்கள். 'பட்டி' மாத்திரம் இரண்டு ஊரிலும் பட்டிதான். காளிகாட் பக்கம் ஒரு சந்திலுள்ள பட்டறையில் வண்டியை நிறுத்தினோம். உடைமையாளர் தகடுகளைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு மணிபோல் ஒலித்தது. பட்டி பூசிய இடம் மண்சுவர்போல் மந்தமாக ஒலித்தது. திருப்புளியின் முனை இரண்டு கதவடிக் கட்டைகளிலும் நுழைந்துவிட்டது. லாரிபோல் தனிச் சட்டம் உள்ள வண்டியாக இருந்தால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கான்டெஸாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே எலும்புக்கூடும் ஆகும். கதவடிக் கட்டை அழுகினால் முதுகெலும்பே அழுகியதற்குச் சமானம்.

"வெளித் தகட்டை நான் ஒட்டிவிடுவேன். உள் தகட்டை எங்கே பிடித்து எங்கே பற்றவைக்க வேண்டும் என்பது இதைக் கட்டியவர்களுக்குத்தான் தெரியும்" என்றார் பட்டறைக்காரர். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னது எங்களுக்குப் பிடித்தது. அடுத்த ஞாயிறு நாங்கள் ஹௌராவில் லோக்கல் ஏறினோம்.

ஹிந்த் மோட்டாரில் ஒரு ஞாயிறு

நிலையத்தை விட்டு இறங்கினால் தேநீர்க் கடைகளும், காய்கறிக் கூடைகளும், ஈ-ரிக்‌ஷாக்களும் எதிர்ப்படுகின்றன. ஊர் உயிரோடுதான் உள்ளது. தொழிற்சாலை மாத்திரம் உறங்குகிறது. வாயிலின் இரும்புக் கதவில் துரு ஏறியிருக்கிறது. கொட்டகைக் கூரைகளில் செடி முளைத்திருக்கிறது. வீடில்லாத காக்கைகள் அங்கே குடியேறிவிட்டன. உத்தரபாராவில் டிடாகர் கம்பெனி ரயில்பெட்டிகளைக் கட்டுகிறது. புனே மெட்ரோவுக்கான பெட்டிகள் அங்கிருந்து சென்றவை. ஆகவே இவ்வட்டாரத்தில் தகடும் பற்றவைப்பும் அடியோடு மறைந்துவிடவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

தேநீர்க் கடையில் விசாரித்தோம். 'கான்டெஸா' என்ற சொல் வெளிப்பட்டதும் பெஞ்சில் இருந்த ஐவரும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டனர். எந்த ஆண்டு வண்டி, எந்த எஞ்சின், எந்த நிறம் என்று கேள்விகள் எழுந்தன. அவர்களுள் ஒருவர் உடல்பகுதியில் முப்பது ஆண்டுகள் பற்றவைப்பு வேலை பார்த்தவர். இப்போது மகனின் பலசரக்குக் கடையில் உட்காருகிறார். ஹிந்தியும் வங்காளமும் கலந்து எங்களுடன் பேசினார். கூலியைப் பற்றி அவர் முதலில் கேட்கவில்லை. "வண்டியைத் தூக்கி எதன்மேல் நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்றே கேட்டார். நான்கு சக்கரங்களையும் தாங்கி நிறுத்தி, கதவுகளைப் பூட்டியபடியே பற்றவைக்கவேண்டும். கதவைக் கழற்றிவிட்டு வெட்டினால் உடல் ஒரு நூல் தொய்ந்துவிடும். பிறகு கதவு எந்நாளும் சரியாகச் சாத்தாது என்று விளக்கினார்.

டிசம்பரில் நான்கு ஞாயிறுகள் அவர் லோக்கல் வண்டியில் ஹௌரா வந்து, அங்கிருந்து பேருந்தில் காளிகாட் வந்தார். குரங்குக் குல்லாயும் கம்பளிச் சட்டையும் அணிந்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். அழுகிய பகுதியை வெட்டி எறிந்து, நல்ல தகட்டின் விளிம்புவரை சென்று, புதுத் தகடு வளைத்துப் பற்றவைத்தார். உட்புறத்தில் துருத்தடைச் சாயமும் மெழுகும் செலுத்தினார். கதவடிக் கட்டையின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் பழைய பட்டியால் அடைந்திருந்தன. மழைநீர் உள்ளே தேங்கியதற்கு அதுவே காரணம். துளைகளை அவரே திறந்துவிட்டார். பட்டறைப் பையன்கள் இருவரும், எங்கள் குடியிருப்பின் கல்லூரி மாணவன் ஒருவனும் அருகே குந்தியிருந்து கற்றுக்கொண்டனர்.

மாமா ஒருமுறை பட்டறைக்கு வந்தார். சாயம் ஏறாத புதுத் தகட்டின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பற்றவைத்தவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து தேநீர் அருந்தினர்.

மல்லிக் பஜார்

உதிரி உறுப்புகளுக்கு மல்லிக் பஜார் செல்லவேண்டும். பார்க் தெருவும் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் கூடும் இடம் அது. அருகே வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம் உள்ளது. வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத்தர் அங்கேதான் துயில்கிறார். 1848 முதல் 1856 வரை அவர் சென்னையில் வாழ்ந்தவர் என்பதை நம்மவர் அறிதல் நலம். ஒருபுறம் மனிதருக்கு இடுகாடு, மறுபுறம் மோட்டாருக்கு. ஆனால் மோட்டார் இடுகாட்டிலிருந்து உறுப்புகள் மீண்டும் எழுந்து ஓடுகின்றன.

கடைகள் சிறியவை. கூரையிலிருந்து சைலன்ஸர்கள் பாகற்காய்போல் தொங்கும். தரையில் கியர் பெட்டிகள். சுவரில் கதவுக் கைப்பிடிகள். பெயர்ப் பலகையை நம்பி நடந்தால் பொருள் கிடைக்காது. கடைக்காரரின் நினைவை நம்பவேண்டும். ஒரு முதிய கடைக்காரர் எங்கள் கையிலிருந்த பழைய உறுப்பை வாங்கி, ஒருமுறை புரட்டிப் பார்த்து, "மூன்றாவது கடையில் கேளுங்கள், மேல் பரணில் இருக்கும்" என்றார். இருந்தது.

அன்பர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று: இதே இசுஸு எஞ்சினைக் கம்பெனி 1990-களில் அம்பாசடரிலும் பூட்டியது. ஆகையால் எஞ்சின் உறுப்புகளைக் கான்டெஸா என்று மட்டும் கேட்காமல் அம்பாசடர் 1800 என்றும் கேட்கவேண்டும். எஞ்சின் உறுப்புகள் அகப்படுகின்றன. முன் கண்ணாடி, விளக்குச் சட்டம், கதவு ரப்பர் ஆகிய உடல் உறுப்புகள்தாம் அரிது. மஞ்சள் டாக்சிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவை குறையக் குறைய இக்கடைகளின் சரக்கும் குறையும். இன்று பரணில் இருப்பது ஐந்தாண்டுக்குப் பின் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எதை முதலில் செய்வது?

எங்கள் நால்வருள் இளையவருக்கு ஓர் ஆசை. புதிய ஜப்பானிய எஞ்சின் ஒன்றைப் பூட்டி, குதிரைசக்தியை இருமடங்காக்க வேண்டும் என்றார். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது எனத் தடுக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்கு அதிகாரியின் அனுமதி வேண்டும். சட்டத்தைச் சொல்லியும் ஆசை அடங்கவில்லை. ஹிந்த் மோட்டார்க்காரர் வண்டிக்கு அடியிலிருந்தே பதில் கூறினார்: "நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓட்டம் எதற்கு, பாபு?"

ஆகவே நிறுத்தும் வேலையை முதலில் செய்தோம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். மிதிக்கட்டை கால் அடியில் தொய்ந்துவிடும். ஈராண்டுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும். ரப்பர் குழாய்கள், வாஷர்கள், துருப்பிடித்த உலோகக் குழாய்கள் அனைத்தையும் புதிதாக்கினோம். டயர்களில் தேய்மானம் இல்லை. ஆனால் பக்கச் சுவரில் வெடிப்புகள் இருந்தன. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். எங்கள் வண்டியின் டயரில் 1912 என்று இருந்தது. அதாவது 2012-ம் ஆண்டு பத்தொன்பதாம் வாரம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வளர்ந்திருப்பான். பன்னிரண்டு வயது டயர் தளர்ந்திருக்கும். ஐந்தையும் மாற்றினோம்.

அடுத்தது குளிர்ச்சி. முன்பு யாரோ ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருந்தார். நம் நாடெங்கும் பரவியுள்ள பழக்கம் இது. சூடேறாது என்பது எண்ணம். உண்மையில் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் பெட்ரோலை வீணாக்கும்; உள்ளுறுப்புகளும் விரைவில் தேயும். ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் பொருத்தினோம்.

பிறகே எஞ்சினைத் தொட்டோம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தபோது மூன்று ஒத்திருந்தன, ஒன்று தாழ்ந்திருந்தது. வால்வுகளை அரைத்து உட்காரவைத்து, பிஸ்டன் வளையங்களை மாற்றி, கார்புரேட்டரைத் துப்புரவாக்கினோம். பெட்ரோல் குழாய்களை இங்குச் சிறப்பாகக் குறிப்பிடவேண்டும். 2025-ல் நாட்டில் பெட்ரோலுடன் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் நிலை எய்தப்பட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் இக்கலவைக்காகச் செய்யப்பட்டதன்று. ஊறிப் பிளந்து கசியும். கசியும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழுந்தால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களையே வாங்கிப் பொருத்தினோம். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடலாகாது.

மேம்பாடு என்று நாங்கள் செய்தவை சிலவே. முன்விளக்குகளுக்கு ரிலே வைத்தோம். மின்சாரம் பழைய ஸ்விட்ச்சின் வழியே சுற்றி வராமல் பாட்டரியிலிருந்து நேரே வருவதால் மங்கிய விளக்கு பளிச்சென எரிகிறது. முன் இருக்கைகளுக்கு நல்ல பெல்ட்டுகள் பொருத்தினோம். குதிரைசக்தி ஒன்றுகூட ஏறவில்லை. ஆயினும் இருந்த 88-ல் மறைந்துபோன பகுதி திரும்பி வந்துவிட்டது என்பதைப் பிப்ரவரியில் வித்யாசாகர் பாலத்தின் ஏற்றத்தில் உணர்ந்தோம். இளையவரும் அன்று எஞ்சின் மாற்றும் பேச்சை விட்டுவிட்டார்.

செலவுக் கணக்கு

கணக்கையும் மறைக்காமல் கூறுகிறோம். தகடும் பற்றவைப்பும் 42,000 ரூபாய், சாயம் 48,000, எஞ்சின் வேலை 36,000, பிரேக், ஸ்டீயரிங், வில்கள் 27,000, டயர்கள் 24,000, பாட்டரியும் மின்வேலையும் 13,000. மொத்தம் 1,90,000 ரூபாய். மாமா 1,20,000 கொடுத்தார். மீதியை நான்கு வீட்டாரும் பங்கிட்டுக்கொண்டோம். இது சிக்கனமான காரியம் என்று நாங்கள் வாதிக்கவில்லை. இத்தொகைக்குச் சுமாரான பழைய கார் ஒன்று, நல்ல பதிவுடன், எளிதில் கிடைக்கும். வீட்டில் ஒருவர் தடுத்தால் அவர் கூற்றில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டே இவ்வேலையில் இறங்கவேண்டும்.

மார்ச்சு முதல் வாரத்தில் தகுதிச் சோதனை நடந்தது. ஆய்வாளர் பிரேக்கைச் சோதித்தார், விளக்குகளைப் பார்த்தார், புகையை அளந்தார். குனிந்து கதவடிக் கட்டையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மணி ஒலித்தது. பதிவு 2030 மார்ச்சு வரை நீண்டது.

மாமாவின் தீர்மானம்

பெங்களூரிலிருந்து மகன் மீண்டும் எழுதினார். வண்டி நன்றாகிவிட்டதால் அதையும் ரயிலில் ஏற்றி அனுப்பிவிடலாமே என்பது அவர் யோசனை. ரயில்வேயில் இருக்கும் எங்களிடம் மாமா அதற்கான விவரம் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது வேறு: "வண்டியை அனுப்பலாம். மல்லிக் பஜாரை எப்படி அனுப்புவது? ஹிந்த் மோட்டார்க்காரரை எப்படி அனுப்புவது?"

பிறகு அவரே விளக்கினார். "நான் எங்கே இருந்தாலும் இரண்டு இட்டிலியும் ஒரு செய்தித்தாளும் போதும். இதற்கு அது போதாது. இதை அறிந்த கைகள் இங்கே இருக்கின்றன. அந்தக் கைகள் இருக்கும்வரை இது இங்கேயே ஓடட்டும்." வண்டியை எங்களுள் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார். ஒரே நிபந்தனை: இரவு எந்நேரம் எவர் வந்து கதவைத் தட்டினாலும், ஆஸ்பத்திரிக்கும் ஹௌராவுக்கும் சாவி மறுக்கப்படலாகாது.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம், இவ்வூரை அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள பாதையாகவே பெரும்பாலும் அறிகிறோம். ஒரு பழைய வண்டி எங்களைச் சந்துகளுக்கும், பரண்களுக்கும், மூடிய தொழிற்சாலையின் வாயிலுக்கும் அழைத்துச் சென்றது. மொழி தெரியாதவரும் தொழில் தெரிந்தவரைப் புரிந்துகொள்ள முடியும் என்பதை அங்கே கண்டோம். கைத்தொழில் அறிந்த அம்முதியவர்கள் இன்னும் பல ஆண்டுகள் இருப்பார்கள் என்று நம்பிக் காலம் தாழ்த்தலாகாது. வீட்டில் பழைய காரோ, தையல் இயந்திரமோ, சுவர்க்கடிகாரமோ முடங்கிக் கிடப்பின், அதைக் கட்டியவரையோ பழுது பார்த்தவரையோ இக்குளிர்காலத்திலேயே தேடிச் செல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மாமா ஏப்ரலில் பெங்களூர் சென்றார். வண்டியின் சாவி எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்கு அருகே ஓர் ஆணியில் தொங்குகிறது. அதன் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம்: எண்ணெய் மாற்றிய தேதி, பிரேக் எண்ணெய் மாற்றவேண்டிய தேதி, ஹிந்த் மோட்டார்க்காரரின் டெலிபோன் எண். சென்ற ஜூலையில், கொட்டும் மழையில், இரவு இரண்டு மணிக்கு அச்சாவிக்கு வேலை வந்தது. தாயும் பெண் குழந்தையும் நலம். ஓட்டுநர் காலடியில் ஒரு சொட்டு நீர்கூட ஊறவில்லை.